பிள்ளை பால் குடிப்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் குழந்தைகளின் சுகாதார சேவைக்குப் பொறுப்பாயிருக்கும் அதிகாரிகளுக்கும் வைத்திய நிபுணர்களுக்கும்,

கடந்த மாதம் எனது பேரனைக் கூட்டிக்கொண்டு வழமையான புதன்கிழமைக் கிளினிக்குக்குச் சென்றபோது, அந்த அறையின் கதவில் "பேச்சு சிகிச்சைக் கிளினிக் மறு அறிவித்தல் வரை நடைபெறாது" என்று எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். சிகிச்சையாளர் வெளிநாடு போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை, அது அவசர சேவையும் அல்ல, பேச்சு வராத பிள்ளைகள் சில மாதம் பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று சொன்னார்கள். கடைசியாகச் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. என் பேரன் அங்கே பேச்சுக்காகப் போகவில்லை. விழுங்குவதற்காகப் போனான்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் முப்பது வருடம் இடாப்புக் கூப்பிட்ட பழக்கத்தில், பேரன் பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் அவன் பால் குடித்த நேரம், எடுத்த நிமிடங்கள், குடித்த அளவு, இருமிய தடவை, கக்கிய தடவை ஆகிய எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதி வந்தேன். கீழே சொல்பவை அந்தக் கொப்பியில் உள்ளவை. ஞாபகத்திலிருந்து எடுத்தவை அல்ல.

"கக்குகிற பிள்ளை தக்கும்" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. மூன்றாம் கிழமையில் பிள்ளை பால் கக்கத் தொடங்கியபோது அதை முதலில் சொன்னவள் நான்தான். குடும்பநல மாதுவும் அதையே சொன்னார். கிளினிக்கில் டொக்டர் அதையே வேறு சொற்களில் சொன்னார். மூவர் சொன்னதும் பொய்யல்ல. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை வளையம் சிறு குழந்தைகளில் அடிக்கடி தானாகவே தளர்ந்துகொடுக்கும். உணவோ முழுக்க நீர். பிள்ளையோ நாள் முழுவதும் கிடையில். பால் மேலே வராமல் எங்கே போகும்? பிறந்து நாலு மாதமளவில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் நாளுக்கு ஒரு தடவையாவது கக்குகின்றன என்றும், ஒரு வயதாகும்போது பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது என்றும் பின்னர் வாசித்து அறிந்தேன். பழமொழி பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குச் சரி. தக்காத பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை. எங்கள் கிளினிக்குகளிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

பேரன் 36 கிழமையில் 2.7 கிலோவோடு பிறந்தவன். மார்பில் விரைவாகக் களைத்துப்போனதால், மகள் பாலைப் பிழிந்து போத்தலில் கொடுத்தாள். இரண்டாம் மாத முடிவில் கொப்பியில் ஒரு காலை வேளைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "6.10 மணி. 55 நிமிடம். 60 மில்லிலீற்றர். இருமல் 4. கக்கல் 2. நெற்றி வியர்வை." குடிக்கத் தொடங்கி ஏழெட்டு இழுவைக்குள் கண் கலங்கும். புருவத்துக்கு மேல் வியர்வை அரும்பும். பிறகு தொண்டையில் ஏதோ நிற்பது போல மூச்சு ஈரமாக ஒலிக்கும். புரைக்கேறும், எங்கள் பேச்சில் சொல்வதானால் பிரக்கடிக்கும். வில்லுப்போல முதுகை வளைத்து முகத்தைத் திருப்பிவிடுவான். அவனுக்குப் பால் போதவில்லை என்று நினைத்து, நானே ஒரு ஊசியை விளக்கில் சூடாக்கிச் சூப்பியின் துளையைப் பெருப்பித்தேன். வேகமாக வரும் பாலைச் சமாளிக்க முடியாமல் திணறிய பிள்ளைக்கு இன்னும் வேகமாகப் பாலை ஊற்றினேன் என்பதைச் சில மாதம் கழித்துத்தான் அறிந்தேன். கக்காதிருக்கட்டும் என்று தலையணை வைத்துச் சரித்தும் படுக்கவைத்தோம். கக்கும் பிள்ளையானாலும் மட்டமான படுக்கையில் மல்லாக்கத்தான் தூங்கவைக்க வேண்டும் என்பதையும் எவரும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் மாதத்தில் நிறை 5.1 கிலோ. நாலாம் மாதத்தில் 5.3. ஐந்தாம் மாதத்தில் 5.4. பதிவேட்டில் மேலே ஏறவேண்டிய கோடு கிடையாகப் படுத்துவிட்டது. இதற்கிடையில் நெஞ்சுச் சளியென்று இரண்டு தடவை ஆஸ்பத்திரி விடுதியில் தங்கினோம். இரண்டு தடவையும் முட்டு (இழுப்பு) என்று சொல்லி நெபுலைசர் பிடித்தார்கள், மருந்து ஏற்றினார்கள், சுகமாக்கி அனுப்பினார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவள். எக்ஸ்ரேயில் இரண்டு தடவையும் வலது நுரையீரலின் மேற்பகுதியே வெளுத்திருந்தது. படுத்த வாக்கில் இருக்கும் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் பால் சேரக்கூடிய இடம் அது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் டொம்பெரிடோன் பாணி தந்தார்கள். பிறகு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல். பத்து வாரம் கொடுத்தோம். கொப்பியில் கக்கல் எண்ணிக்கை மாறவே இல்லை. அது மாறாது என்பது இப்போது விளங்குகிறது: அமில மருந்து, மேலே வரும் பாலின் புளிப்பைக் குறைக்குமே தவிர, பால் மேலே வருவதை நிறுத்தாது. பாலூட்டலோடு அழுது அவதிப்பட்ட 162 குழந்தைகளில் இதே வகையான ஒரு மருந்தைப் பரிசோதித்து 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மருந்து குடித்தவர்களிலும் வெறும் பாணி குடித்தவர்களிலும் ஒரே அளவில், அதாவது 54 சதவீதத்தினருக்கே அழுகை குறைந்தது. மருந்து குடித்தவர்களுக்கு நெஞ்சுத் தொற்று அதிகமாக வந்தது. ஐரோப்பிய, வட அமெரிக்கச் சிறுவர் இரைப்பை குடல் வைத்தியர் சங்கங்கள் 2018 இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டலும், மற்றபடி சுகமாயிருக்கும் குழந்தை கக்குகிறது, அழுகிறது என்பதற்காக இந்த மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. டொம்பெரிடோனுக்கோ, இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால், 2014 இலேயே ஐரோப்பாவில் கட்டுப்பாடு விதித்தார்கள். உணவுக்குழாய் புண்பட்ட பிள்ளைக்கு அமில மருந்து வேண்டியதே. அதை நான் மறுக்கவில்லை. இவனுக்கு அது எதற்காகத் தரப்படுகிறது என்று மகள் கேட்டபோது, "றிஃப்ளக்ஸ் அம்மா, குடுங்கோ" என்பதே பதிலாயிருந்தது. மகள் பசுப்பால் சேர்ந்தவற்றை இரண்டு தொடக்கம் நாலு கிழமை விட்டுப் பார்க்கட்டும், பசுப்பால் ஒவ்வாமையும் இப்படித்தான் தோன்றும் என்று மருந்துக்கு முன்னர் சொல்லியிருக்கலாம். அதையும் நாங்களாகவே பின்னர் செய்து பார்த்தோம். இவன் விடயத்தில் மாற்றம் வரவில்லை. வேறொரு பிள்ளைக்கு வந்திருக்கும்.

கொப்பியில் என்னை இன்றும் உறுத்தும் பக்கம் ஒன்று உண்டு. ஐந்தாம் மாதத்தில் இருமல் என்ற நிரலில் 4, 3 என்றிருந்த எண்கள் 1 ஆகி, பின் 0 ஆகின்றன. பக்கத்தில் சிவப்புப் பேனையால் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் கொப்பிகளில் எழுதி எழுதிப் பழகிய சொல். அடுத்த கிழமையே மூன்றாம் தடவையாக விடுதியில் சேர்த்தோம். இருமல் நின்றது பால் சரியான வழியில் போனதால் அல்ல. பிழையான வழியில் போன பாலைத் தொண்டை கண்டுகொள்வதையே விட்டுவிட்டது. அடிக்கடி பால் இறங்கி, மேலே வரும் அமிலத்திலும் நனைந்த தொண்டையில் உணர்ச்சி மழுங்கிப்போகலாமாம். எதிர்க்களிப்பும், அதாவது பால் மேலே திரும்பி வரும் றிஃப்ளக்ஸும், விழுங்கற் குறைபாடும் ஒன்றையொன்று தூக்கிவிடும் வருத்தங்கள். ஒன்றுக்கு மட்டும் மருந்து எழுதினால் மற்றது உள்ளேயே இருந்துகொள்ளும்.

அந்த மூன்றாம் தடவைதான் பேச்சு மொழி சிகிச்சையாளரான அந்தப் பிள்ளை விடுதிக்கு வந்தார். கையில் மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா, நீங்கள் வீட்டில குடுக்கிற மாதிரியே குடுங்கோ, நான் பார்க்கிறன்" என்றார். முழுப் பாலூட்டலையும் பார்த்தார். நாற்பது நிமிடம். நான் கொப்பியைத் திரும்பிப் புரட்டிப் பார்த்தேன்: அதுவரை பதினொரு தடவை வைத்தியர்களிடம் காட்டியிருக்கிறோம், இரண்டு தடவை விடுதியில் தங்கியிருக்கிறோம். பிறந்த முதல் நாட்களில் மார்பைச் சரியாகப் பற்றுகிறானா என்று குடும்பநல மாது பார்த்ததைத் தவிர, அவன் குடிப்பதை ஒருவரும் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்கள், வயிற்றை அமத்தினார்கள், நிறை பார்த்தார்கள். வருத்தம் வெளிப்பட்ட இடமோ பாலூட்டும் அந்த முக்கால் மணிநேரம்.

அவர் பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்து, தலை சற்று உயர்ந்திருக்கப் பிடிக்கச் சொன்னார். மெதுவாகப் பால் வரும் சூப்பியை மாற்றினார். நாலு இழுவைக்கு ஒருமுறை போத்தலைத் தாழ்த்தி மூச்சு விட இடம் கொடுக்கக் காட்டினார். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒரு தாளத்தில் இணைவது கருவில் 34 கிழமையளவில்தான் கூடிவரும் என்றும், சற்று முந்திப் பிறந்த இவனுக்கு அந்தத் தாளம் இன்னும் பிசகுகிறது என்றும் விளக்கினார். அன்று மாலையே வியர்வை குறைந்தது. ஆனாலும் சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, படம் எடுத்தே ஆகவேண்டும் என்று கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்.

கொழும்பு எங்களுக்கு 400 கிலோமீற்றர். இரவு பஸ். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிய நேரத்தில், மகள் பஸ்ஸின் உள்விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையைச் சரித்துப் பிடித்து இழுவை எண்ணிக்கொண்டிருந்தாள். அங்கே பேரியம் கலந்த பாலை ஊட்டிக்கொண்டே ஓடும் எக்ஸ்ரேப் படம் எடுத்தார்கள். திரையில் கறுப்பு நூல் போலப் பால் இறங்கியது. ஒரு இழை பிரிந்து முன்பக்கமாக மூச்சுக்குழாய்க்குள் வழுகியது. பிள்ளை இருமவில்லை. முகத்தில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. அங்கிருந்தவர்கள் அன்பானவர்கள், ஆனால் விளக்கம் முழுவதும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. என் மகளுக்கு ஆங்கிலம் வரும் என்பதால் தப்பினோம்.

பாலைத் தடிப்பாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். இதைப் படிக்கும் தாய்மார் யாரும் இதைத் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். முந்திப் பிறந்த குழந்தைகளுக்குச் சில தடிப்பாக்கிகள் குடலையே பாதிக்கலாம். இவனுக்கு ஏழு மாதமான பிறகு, வைத்தியர் அளவு எழுதிய பின்னரே தொடங்கினோம். அரிசிமாவைக் கரைத்தால் போதாதா என்று நான் கேட்டேன். தாய்ப்பாலில் இருக்கும் நொதியம் மாப்பொருளைக் கரைத்துவிடும், கிண்ணத்தில் தடித்திருக்கும் பால் சற்று நேரத்தில் தண்ணீராகிவிடும் என்றார்கள். வீட்டில் செய்து பார்த்தேன், அப்படியே ஆனது. அவர்கள் எழுதிய தூளோ இங்கே நாங்கள் கேட்ட மருந்துக்கடைகளில் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும். அளவு சரியா என்று பார்க்க 10 மில்லிலீற்றர் சிறிஞ்ச் ஒன்றே போதும்: நுனியை விரலால் மூடிப் பாலை நிரப்பி, விரலை எடுத்துப் 10 வினாடி விட்டால் உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. 1 தொடக்கம் 4 மில்லிலீற்றர் மிஞ்சினால் தடிப்பில் ஒரு நிலை, 4 தொடக்கம் 8 மிஞ்சினால் அதற்கடுத்த நிலை. கைக்கடிகாரத்தை அடுப்படி மேடையில் வைத்து ஒவ்வொரு வேளையும் இதைச் செய்தேன். ஒன்பதாம் மாதத்தில் கோடு மீண்டும் ஏறத் தொடங்கியது. அதன்பின் இன்றுவரை அவன் நெஞ்சுச் சளிக்காக விடுதியில் தங்கவில்லை. இப்போது 2 வயதும் 4 மாதமும். மசித்த சோறும் பருப்பும் போகிறது. புட்டின் குறுணி இன்னும் தொண்டையில் நிற்கிறது. அடுத்த படியை எப்போது, எப்படி ஏற்றுவது என்று கேட்கத்தான் அன்று அந்தக் கதவுக்குப் போனோம்.

அந்தக் கிளினிக்கின் வாங்கில் எங்களோடு காத்திருந்தவர்களில், குறிகட்டுவானில் படகு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வரும் தாயும் இருந்தார். அவரது மகளுக்கு மூளை முடக்குவாதம். ஐந்து வருடமாக அவர் பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலை பின்னால் சாயக் கரண்டியால் கஞ்சியைப் பருக்கி வந்திருக்கிறார். அவரது தாயும் அப்படித்தான் பருக்கியவர். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்கப் பழகிய முதல் மாதத்தில் காய்ச்சல் வரவில்லை என்று எனக்குச் சொன்னார். கதவில் தாள் ஒட்டிய அந்தப் புதன்கிழமையும் அவர் வந்திருந்தார். தாளை வாசித்துவிட்டு அடுத்த படகின் நேரத்தைக் கேட்டார்.

நீங்கள் கேட்கலாம்: ஆளில்லாதபோது நாங்கள் என்ன செய்வது? உண்மைதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டை விட்டுப் போனவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தச் சிகிச்சையாளர் போய் நன்றாயிருக்கட்டும். ஆனால் ஆள் இல்லாமல் சேவை நின்றுபோவது ஒன்று. அந்தச் சேவை அவசரமற்றது என்று கருதி அறையையும் எடுத்துவிடுவது வேறொன்று. 'பேச்சு' என்ற பெயர் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பேசும் வாயும் விழுங்கும் வாயும் ஒன்றே என்பதால்தான் விழுங்கற் பயிற்சியும் அவர்களுடைய படிப்புக்குள் வருகிறது. பேசாத பிள்ளை மூன்று மாதம் பொறுத்திருக்கலாம். நுரையீரலுக்குள் பால் இறங்கும் பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. அந்த அறையை உடனே திருப்பித் தாருங்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இத்துறைக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது; அங்கிருந்து தமிழ் பேசக்கூடிய ஒருவரை நிரந்தரமாக நியமிக்க இன்றே எழுதுங்கள். நியமனம் வரும்வரை, மூன்று மாதத்துக்குள், கிழமைக்கு ஒரு நாளாவது ஒருவர் வந்துபோக ஏற்பாடு செய்யுங்கள்.

அதற்கும் முன்னர், ஒரு சதமும் செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெஞ்சுச் சளியோடு இரண்டாம் தடவை விடுதிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும், நிறைக்கோடு படுத்துவிட்ட ஒவ்வொரு குழந்தையும், வீடு போகுமுன் ஒரு முழுப் பாலூட்டலைத் தாதியோ வைத்தியரோ அருகில் இருந்து பார்க்க வேண்டும். பார்த்ததை, வீடு போகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டில் (நோய்க்குறிப்பு அட்டையில்) எழுத வேண்டும். இதை விடுதி விதியாக்குங்கள். பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

குடும்பநல மாதுக்கள் "கக்குகிறானா?" என்று கேட்பதோடு நில்லாமல், குடிக்க எத்தனை நிமிடம், குடிக்கும்போது இருமுகிறானா, மூச்சில் ஈரச் சத்தம் வருகிறதா, வியர்க்கிறதா, முன்பிருந்த இருமல் திடீரென நின்றதா என்றும் கேட்கப் பயிற்சி கொடுங்கள். அரை மணிநேரத்துக்கு மேல் எடுக்கும் பாலூட்டலை மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பச்சை நிற வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, இரத்தம் கலந்த வாந்தி ஆகியவற்றுக்கு ஒரு மணிநேரமும் தாமதிக்கக்கூடாது என்பதைத் தாய் சேய் கிளினிக்கின் சுவரில் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு டொம்பெரிடோனும் அமில மருந்தும் எதற்காக, எத்தனை நாளைக்கு என்று எழுதாமல் கொடுக்கப்படுவதை நிபுணர்கள் மீளாய்வு செய்யுங்கள்.

பேரியம் படம் எடுக்கும் இயந்திரம் உள்ள இடத்தில் மாதத்துக்கு ஓர் அரை நாளை விழுங்கற் படத்துக்கு ஒதுக்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்லுங்கள். முடியாதென்றால் கொழும்புக்கு அனுப்பப்படும் பிள்ளையின் பயணச் செலவுக்கும், அங்கே தமிழில் விளக்குவதற்கும் வழி செய்யுங்கள். தடிப்பாக்கித் தூளை வைத்தியர் எழுதிய பிள்ளைகளுக்கு அரச மருந்தகத்தில் கிடைக்கச் செய்யுங்கள்.

கொப்பியின் பிரதியை, பேரனின் பெயரை மறைத்து, இம்மடலோடு உங்கள் பணிமனையில் சேர்ப்பிக்கிறேன். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அவனது அடுத்த கிளினிக் திகதி ஏற்கெனவே கிளினிக் கொப்பியில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளுக்கு முன்னர் அது எனக்குக் கிடைக்க வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.